தலைவனாக்கப்பட்ட பாடகன்

(கலை – பண்பாட்டு அரங்க ஊழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2015 ஜூலை மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்திலுள்ள கிளீவ்லாந்து நகரம். பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த தமிர் ரைஸ் என்ற 12 வயதுக் கருப்பினச் சிறுவனை அந்நகரப் போலீஸ் சுட்டுக் கொன்று எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் கருப்பின உரிமை இயக்கங்களின் மாநாடு நடந்து முடிந்து பிரதிநிதிகள் கலைந்துகொண்டிருந்தனர். அந்த நேரத்தில் இன்னொரு கருப்பினச் சிறுவனைப் போலீஸ் பிடித்து வைத்திருப்பதை அவர்கள் கண்டனர். உடனே ஒன்றுதிரண்டு வாகனத்தின் முன் நின்றனர். அவர்களின் கண்களில் மிளகுத் திரவம் பீய்ச்சப்பட்டது. கூட்டம் பின்வாங்கவில்லை. கடைசியில் சிறுவன் தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். அன்று அந்தத் தெருவில் எழுந்த முழக்கம் எந்த அமைப்பும் எழுதிக் கொடுத்ததல்ல. நான்கு மாதங்களுக்கு முன் வெளிவந்திருந்த ‘ஆல்ரைட்’ என்ற ராப் பாடலின் பல்லவியே அங்கு முழக்கமாயிற்று. அதைப் பாடியவர் கென்ட்ரிக் லாமர்.

ஒரு பாடல் மக்களின் முழக்கமாக மாறுவது வரலாற்றில் புதிதல்ல. ஆனால் இந்தப் பாடல் இடம்பெற்ற ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ இசைத்தொகுப்பை முறையாகக் கேட்கிறவர் ஒரு முரண்பாட்டைச் சந்திப்பார். மொத்தம் 16 பாடல்கள். ‘ஆல்ரைட்’ ஏழாவது. அதற்கு முந்தைய ஆறாவது பாடலின் பெயர் ‘யூ’, அதாவது ‘நீ’. அதில் அதே பாடகர் ஒரு விடுதி அறையில் குடிபோதையில் தனியாகக் கிடந்து தன்னைத்தானே சபித்துக்கொள்கிறார். தான் வாழத் தகுதியற்றவன் என்கிறார். ஒரு பாடலில் தற்கொலையின் விளிம்பு, அடுத்த பாடலில் ஆயிரக்கணக்கானோர் வாயில் ஏறிய நம்பிக்கை. இவை இரண்டும் ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன? ஒரு கலைஞனின் அந்தரங்கத் துயரத்துக்கும் ஒரு மக்கள் திரளின் போராட்டத்துக்கும் என்ன உறவு? இந்த உரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

காம்ப்டன் – ஒரு நகரம் உருவாக்கப்பட்ட விதம்

கென்ட்ரிக் லாமர் டக்வொர்த் 1987 ஜூன் 17 அன்று கலிபோர்னியா மாகாணத்தின் காம்ப்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் சிகாகோவின் வறுமையிலிருந்தும் கும்பல் மோதல்களிலிருந்தும் தப்பிப் பிழைக்க 1980களின் நடுவில் அங்கு குடியேறியவர்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த ஊரும் அப்போது நொறுங்கிக்கொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய காம்ப்டன் ஒரு காலத்தில் வெள்ளையர் மட்டுமே வசித்த தொழிலாளர் நகரம். கருப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று சொத்துப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமலாக்க முடியாது என 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே கருப்பினக் குடும்பங்கள் அங்கு நுழைய முடிந்தது. 1965இல் அருகிலுள்ள வாட்ஸ் பகுதியில் மக்கள் கிளர்ந்தெழுந்து 34 பேர் பலியானபின், வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அவர்களைத் தொடர்ந்து மூலதனமும் வெளியேறியது. பக்கத்து ஊரான சவுத் கேட்டில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இலும், ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982இலும் மூடப்பட்டன. தொழிற்சங்க உரிமையுடன் கூடிய நிரந்தர வேலை என்பது ஒரு தலைமுறைக்குள் பழங்கதையாகிவிட்டது.

வேலை போன இடத்தில் அமைப்பு இருந்திருந்தால் எதிர்ப்பு வளர்ந்திருக்கும். அமைப்பு முன்பே நசுக்கப்பட்டிருந்தது. 1966இல் ஓக்லாந்தில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சி, ஏழைக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு வழங்கியது. போலீஸ் அத்துமீறலைக் கண்காணித்தது. மார்க்சிய நூல்களைத் தெருமுனைக்குக் கொண்டு சென்றது. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ உளவாளிகளை ஊடுருவவிட்டும், அமைப்புகளிடையே பகையை மூட்டியும் அதைச் சிதைத்தது. 1969 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த அதன் அலுவலகத்தைச் சிறப்பு ஆயுதப் போலீஸ் சுற்றிவளைத்து மணிக்கணக்கில் சுட்டது. அந்த வெற்றிடத்தில்தான் தெருக் கும்பல்கள் வளர்ந்தன. 1980களில் கிராக் என்ற மலிவுப் போதைப்பொருள் வந்து சேர்ந்தது.

ரீகன் அரசின் பதில் வேலைவாய்ப்பு அல்ல, சிறைச்சாலை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழைகளிடையே புழங்கிய கிராக் 5 கிராம் விற்பனைக்காக வைத்திருந்தாலே குறைந்தபட்சம் ஐந்தாண்டுச் சிறை. வசதி படைத்தோர் பயன்படுத்திய கொகெய்ன் தூளுக்கு அதே தண்டனை பெற 500 கிராம் வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதமே அந்நாட்டின் வர்க்க நீதியையும் நிற நீதியையும் சொல்லிவிடுகிறது. 1980இல் சுமார் 5 லட்சமாக இருந்த அமெரிக்கக் கைதிகளின் எண்ணிக்கை 2008இல் ஏறத்தாழ 23 லட்சமானது.

லாமருக்கு நான்கு வயதானபோது, ரோட்னி கிங்கை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்கள் நீதிமன்றத்தில் தப்பினர். லாஸ் ஏஞ்சலஸ் தீப்பற்றி எரிந்தது. எட்டு வயதில், டூபாக் ஷகூரும் டாக்டர் டிரேயும் காம்ப்டன் தெருவில் ஒரு பாடலைப் படமாக்கியதைத் தந்தையின் தோள்மீது அமர்ந்து பார்த்தார். மறு ஆண்டு, 1996 செப்டம்பரில், டூபாக் 25 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாய் அஃபெனி ஷகூர் கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஊழியர். உடைக்கப்பட்ட ஓர் இயக்கத்தின் நினைவு இப்படித்தான் பாடகர்கள் வழியாக அடுத்த தலைமுறையை வந்தடைந்தது.

சாட்சி சொல்லும் பாடகன்

ஹிப்-ஹாப் என்பது பணக்காரச் சுகபோகத்தின் இசை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பிறந்த இடம் அப்படிப்பட்டதல்ல. 1973 ஆகஸ்டில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் நடத்திய கொண்டாட்டத்தையே அதன் தொடக்கமாகக் குறிப்பர். வாத்தியக் கருவி வாங்க வசதியற்றவர்கள் பழைய இசைத்தட்டுகளையே கருவிகளாக்கினர். தாளத்தின் மீது எதுகையோடு விரைந்து பேசிச் செல்லும் ராப், பத்திரிகைகளில் இடம் கிடைக்காதவர்களின் பத்திரிகையாயிற்று. 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழு காம்ப்டனின் பெயரை உலகறியச் செய்தது. போலீசைச் சாடிய பாடலுக்காக மறு ஆண்டு எஃப்பிஐ அதிகாரி ஒருவரின் கண்டனக் கடிதமும் அவர்களுடைய நிறுவனத்துக்குச் சென்றது.

லாமரின் தொடக்கம் இந்த மரபில்தான். 2011இல் வெளிவந்த ‘செக்‌ஷன்.80’ ரீகன் காலத்தில் பிறந்த குழந்தைகளின் கதை. 2012 அக்டோபரில் வந்த ‘குட் கிட், மேட் சிட்டி’ ஒரு குறும்படம் போலக் கட்டப்பட்டது. தாயின் வாகனத்தை இரவல் வாங்கிக்கொண்டு வெளியே போகும் ஒரு விடலைப் பையன், நண்பர்களின் வற்புறுத்தல், திருட்டு, பழிக்குப் பழி, நண்பனின் மரணம். இடையிடையே வீட்டிலிருந்து பெற்றோர் விடும் தொலைபேசிச் செய்திகள். பெரும்பாலான ராப் பாடகர்கள் துப்பாக்கி ஏந்தியவனின் குரலில் பாடியபோது, இவர் துப்பாக்கிகளுக்கு நடுவே பயந்துபோன பையனின் குரலில் பாடினார். கலையில் இது பெரிய நேர்மை. தெருவின் வீரத்தைப் பாடுவது எளிது; தெருவின் அச்சத்தைப் பாடுவது அரிது.

அந்தத் தொகுப்பின் பன்னிரண்டு நிமிட நீளப் பாடல் ஒன்றில் பின்னாளைய வளர்ச்சியின் விதை இருக்கிறது. கொல்லப்பட்ட நண்பனின் சகோதரன் முதலில் பேசுகிறான்: தன் கதையையும் பாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறான், பேச்சு முடியுமுன் துப்பாக்கி ஓசை அவனை வெட்டிவிடுகிறது. அடுத்து ஒரு பெண் பேசுகிறாள். பாலியல் தொழிலில் சிக்கி மாண்ட அவளது சகோதரியைப் பற்றி லாமர் முந்தைய தொகுப்பில் பாடியிருந்தார். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. எந்த உரிமையில் எங்கள் வீட்டுத் துயரத்தைப் பாட்டாக்கினாய் என்று கேட்கிறாள். ஒடுக்கப்பட்டோரின் வாழ்வை எழுதுகிற எவரும் ஒருநாள் சந்திக்க வேண்டிய கேள்வி அது. அந்தக் கேள்வியைத் தன் பாடலுக்குள்ளேயே ஒலிக்கவிட்டவர், அடுத்த தொகுப்பில் அதற்குப் பதில் தேடப் புறப்பட்டார்.

விடுதி அறையின் கதவு தட்டப்படுகிறது

2012க்குப் பின் லாமருக்குப் பணமும் புகழும் குவிந்தன. காம்ப்டனில் மரணம் நிற்கவில்லை. 2013இல் அவர் இசைப் பயணத்தில் இருந்தபோது, நெருங்கிய நண்பரின் தம்பி சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்து இறந்தார். பாடகரால் நேரில் சென்று பார்க்க முடியவில்லை; கைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசியதோடு சரி. ‘யூ’ பாடல் இந்தக் குற்றவுணர்விலிருந்து பிறந்தது.

அதைக் கேட்பது எளிதல்ல. தொண்டை கிழியும் ஓலத்துடன் தொடங்குகிறது. பாடகர் தன்னையே ‘நீ’ என்று விளித்துக் குற்றம் சாட்டுகிறார். ஊர் உலகத்துக்கெல்லாம் வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொள்கிற உன்னால், இளம் வயதிலேயே கருவுற்ற தங்கைக்கு வழிகாட்ட முடிந்ததா? சாகக் கிடந்தவனைப் பார்க்க முடிந்ததா? கூட்டத்துக்குப் போதிக்கிற உனக்கு என்ன யோக்கியதை? குரல் விம்மலாக உடைகிறது. கண்ணாடிக் குப்பியின் ஓசை கேட்கிறது. ஈட்டிய பணத்தால் இந்த வலியைத் தடுக்க முடியவில்லை என்ற ஒப்புதலில் பாடல் முடிகிறது.

பாடலின் நடுவில் ஓர் ஒலி வருகிறது. பூட்டிய அறையின் கதவு தட்டப்படுகிறது. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் தொழிலாளி ஸ்பானிய மொழியில் கதவைத் திறக்கச் சொல்கிறாள். சில நொடிகளே நீடிக்கும் இந்தக் குரல் பொருளற்றதல்ல. துயரத்தின் உச்சத்தில், கோடீஸ்வரக் கலைஞன் உலகத்திலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு கிடக்கும் வேளையில், வெளியிலிருந்து அழைப்பது ஒரு குடியேற்றத் தொழிலாளியின் கை. கதவு திறக்கப்படுவதில்லை.

உயிர் தப்பியவனின் குற்றவுணர்வு என்று உளவியலாளர்கள் இதைக் குறிப்பிடுவர். போரிலிருந்து மீண்ட சிப்பாய்களிடம் காணப்படுவது. காம்ப்டன் போன்ற ஊர்களில் பிறந்தவர்களுக்கும் இது வருகிறது என்றால், அந்த ஊர்கள் எத்தகைய போர்க்களங்களாக ஆக்கப்பட்டுள்ளன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆயிரம் பேரில் ஒருவனை மேலே தூக்கி நிறுத்தி, திறமை இருந்தால் எவரும் முன்னேறலாம் என்று முதலாளித்துவம் விளம்பரம் செய்கிறது. அப்படித் தூக்கி நிறுத்தப்பட்டவனே, மீதமுள்ள 999 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டு அழுகிற பாடல் இது. மனநோயின் பதிவாக மட்டும் இதைப் படிப்பது போதாது. தனிமனித வெற்றி என்ற கோட்பாட்டுக்கு எதிரான வாக்குமூலமும் இதில் இருக்கிறது.

அந்த இருட்டுக்கு அடுத்து ‘ஆல்ரைட்’ வருவதால்தான் அதன் நம்பிக்கை மலிவானதாக ஒலிக்கவில்லை. அடிமட்டம் வரை சென்று வந்தவனின் நம்பிக்கை அது. தெருவில் நின்றவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டதும் அதனால்தான். 2014இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுனும் நியூயார்க்கில் எரிக் கார்னரும் போலீசால் கொல்லப்பட்டதைக் கண்ட மக்களுக்கு, துயரத்தை மறைக்காத நம்பிக்கையே தேவைப்பட்டது.

பட்டாம்பூச்சியை விலைபேசுதல்

தொகுப்பின் தலைப்பு ஹார்ப்பர் லீயின் புகழ்பெற்ற நாவலின் தலைப்பை நினைவூட்டும். ‘பிம்ப்’ என்பது பெண்ணுடலை விற்றுப் பிழைக்கும் தரகனைக் குறிக்கும் கொச்சைச் சொல். பட்டாம்பூச்சியை விலைபேசி விற்பது என்பது தலைப்பின் பொருள். தெருவில் ஊர்ந்து திரியும் கம்பளிப்புழு, கூட்டுக்குள் அடைபட்டு, பட்டாம்பூச்சியாக வெளிவருகிறது. அதன் அழகு வெளிப்பட்ட கணத்தில் சந்தை அதைப் பற்றிக்கொள்கிறது.

மார்க்ஸ் இதை ஒரு பாடகியின் உதாரணத்தைக் கொண்டு விளக்கியிருக்கிறார். பறவையைப் போலத் தன் இயல்பில் பாடுகிறவரின் உழைப்பு மூலதனத்துக்கு உற்பத்தி உழைப்பு அல்ல. அதே பாடகியைப் பணம் பண்ணுவதற்காக ஒரு முதலாளி அமர்த்தும்போது அவர் மூலதனத்தைப் பெருக்கும் தொழிலாளியாகிறார். குரல் அதே குரல்தான்; மாறியது உறவு. லாமரின் இந்தத் தொகுப்பும், உலகின் மிகப் பெரிய இசை நிறுவனமான யுனிவர்சல் குழுமத்தின் கிளை வழியாகவே சந்தைக்கு வந்தது. இந்த முரண்பாட்டை அவர் மூடி மறைக்கவில்லை, அதையே பாடுபொருளாக்கினார். முதல் பாடலில், அமெரிக்க அரசின் உருவகமான ‘அங்கிள் சாம்’ புதுப் பணக்காரனாகிய கருப்பினக் கலைஞனிடம் வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொள் என்று ஆசை காட்டுகிறார். பிறகு வரி வழக்கில் சிக்கவைத்துச் சிறைக்கு அனுப்பக் காத்திருக்கிறார். வரி வழக்கில் சிறை சென்ற நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸின் பெயர் அந்தப் பாடலின் தலைப்பிலேயே இருக்கிறது. ‘கிங் குன்டா’ பாடலோ, அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ நூலில் வரும் குன்டா கின்டேயை அழைத்து வருகிறது. தப்பி ஓடியதற்காகப் பாதம் வெட்டப்பட்ட அந்த அடிமையை அரசன் என்று அழைக்கிறது அப்பாடல்.

2014இன் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற லாமர், ராபன் தீவில் மண்டேலா அடைக்கப்பட்டிருந்த சிறை அறையைப் பார்த்தார். மண்டேலா மறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் பயணம் தொகுப்பின் போக்கையே மாற்றியது. காம்ப்டனின் கும்பல் சண்டை, நிறவெறி ஆட்சி பிளவுபடுத்திய ஆப்பிரிக்க இனக்குழுக்களின் சண்டை என இரண்டையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார். பிரித்தாளும் சூழ்ச்சியை அறிந்த எந்த நாட்டு மக்களுக்கும் இது புரியும்.

அந்த மண்ணில் நிகழும் ஒரு பாடல் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் வீடற்ற ஒரு முதியவர் சில்லறை கேட்கிறார். பாடகர் மறுக்கிறார், போதைக்காகக் கேட்கிறான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதுகிறார், உழைத்துச் சம்பாதித்ததை ஏன் கொடுக்க வேண்டும் என்று வாதாடுகிறார். முடிவில் அந்தப் பிச்சைக்காரர் தன்னைக் கடவுள் என்று வெளிப்படுத்துகிறார். ஒரு டாலரின் விலை சொர்க்கத்தில் உனக்கிருந்த இடம் என்கிறார். கதையின் வடிவம் மதம் சார்ந்தது. ஆனால் பாடலின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. ஏழ்மையிலிருந்து மேலேறிய ஒருவனுக்குள் சொத்துடைமையின் சிந்தனை எவ்வளவு விரைவாகக் குடியேறுகிறது, ஏழையைச் சந்தேகிக்கும் பார்வை எப்படி இயல்பாகிவிடுகிறது என்பதைத் தன்னையே சோதனைப் பொருளாக்கிக் காட்டுகிறார். 2015ஆம் ஆண்டில் தமக்கு மிகவும் பிடித்த பாடலாக அதிபர் ஒபாமா இதைக் குறிப்பிட்டார். அதே தொகுப்பின் அட்டைப்படத்தில் வெள்ளை மாளிகையின் முன் கருப்பின ஆண்களும் சிறுவர்களும் கூடி நிற்க, அவர்களின் காலடியில் ஒரு வெள்ளை நீதிபதி வீழ்ந்து கிடக்கிறார். ஆட்சியாளர் ரசித்த பாடலும் ஆட்சிபீடத்தைக் கேள்விக்குள்ளாக்கிய படமும் ஒரே உறைக்குள் இருந்தன.

உள்ளடக்கத்தோடு வடிவமும் வளர்ந்தது. முந்தைய தொகுப்பு ஒரு தனிமனிதனின் கதையைச் சொன்னது. இங்கே தண்டர்கேட்டின் பேஸ் கிதார், கமாசி வாஷிங்டனின் சாக்ஸபோன், டெரஸ் மார்ட்டினின் இசையமைப்பு, ராபர்ட் கிளாஸ்பரின் பியானோ, பழைய தலைமுறையின் ஜார்ஜ் கிளின்டனின் குரல் என ஒரு கூட்டமே சேர்ந்து இயங்குகிறது. ஜாஸ், ஃபங்க், சோல் என்று கருப்பின மக்களின் இசை வரலாறு முழுவதும் உள்ளே பாய்கிறது. தனியாகக் கதறும் குரலைக் கூட்டு இசை தாங்கிப் பிடிக்கிறது. சொற்கள் சொல்லத் தயங்கும் தீர்வை இசையின் அமைப்பு சொல்லிவிடுகிறது எனலாம்.

குறைகளும் விவாதங்களும்

புகழ்ந்துரைப்பதோடு நிறுத்தினால் அது விமர்சனமாகாது. இந்தத் தொகுப்பு வெளிவருமுன், 2015 ஜனவரியில், ஒரு பத்திரிகைப் பேட்டியில் லாமர் தெரிவித்த கருத்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தங்களைத் தாங்களே மதிக்காத மக்கள் பிறரிடம் மரியாதையை எப்படி எதிர்பார்க்க முடியும் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். மைக்கேல் பிரவுனின் ரத்தம் காயுமுன் இது சொல்லப்பட்டது. ‘தி பிளாக்கர் தி பெர்ரி’ பாடலும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. 1929இல் வாலஸ் தர்மன் எழுதிய நாவலின் தலைப்பை ஏற்ற அந்தப் பாடல், வெள்ளை நிறவெறியின் முகத்தில் அறைகிறது. ஆனால் இறுதியில், டிரேவான் மார்ட்டின் கொலைக்காக அழுதவன் தானே கும்பல் சண்டையில் தன் இனத்தானைக் கொன்றவன் என்று சொல்லித் தன்னைப் போலி என்கிறது.

தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் துணிச்சல் மதிக்கத்தக்கது. ஆயினும் ஆலைகளை மூடியவர்கள், போதைச் சட்டத்தை எழுதியவர்கள், இயக்கத்தை உடைத்தவர்கள் ஆகியோரின் பொறுப்பும், சிதைவுக்குள் பிறந்த இளைஞனின் பொறுப்பும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. சுயவிமர்சனம் வேறு, ஒடுக்குகிறவனின் குற்றச்சாட்டை ஒடுக்கப்பட்டவன் ஏற்றுக்கொள்வது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலான கோடு இத்தொகுப்பில் சில இடங்களில் அழிந்துவிடுகிறது.

பெண்களைப் பற்றிய பார்வையிலும் குறை உண்டு. நண்பனைக் கொன்று சிறையிலிருப்பவனைப் பழிவாங்க, அவனுடைய துணைவியைத் தன் புகழைக் கொண்டு நெருங்குவதாக ஒரு பாடல் ஒப்புக்கொள்கிறது. செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் பாடகர் வருந்துகிறார். ஆனால் இரண்டு ஆண்களின் பகையில் கருவியாக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்குப் பேச வாய்ப்பில்லை. நிற அழகைப் பற்றிய பாடலில் ராப்சடி என்ற பெண் கலைஞரின் அழுத்தமான குரல் இடம்பெறுவது ஓரளவு ஈடு.

இன்னொரு புறம், வலதுசாரிகளின் தாக்குதல். 2015 ஜூனில் ஒரு விருது விழாவில் போலீஸ் காரின் மேல் நின்று ‘ஆல்ரைட்’ பாடியதற்காக, ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் அவர் சாடப்பட்டார். நிறவெறியைவிட ஹிப்-ஹாப்தான் கருப்பின இளைஞர்களுக்கு அதிகக் கேடு செய்தது என்ற வாதம் அங்கு முன்வைக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் கைதி உடையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டவராக லாமர் தோன்றினார். அந்த ஆண்டு 11 பரிந்துரைகளில் 5 விருதுகள் அவருக்குக் கிடைத்தன. 2017இல் வந்த ‘டேம்’ தொகுப்புக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசைப் பெற்ற முதல் படைப்பு அது. அங்கீகாரம் மக்கள் கலைக்குக் கிடைத்த வெற்றிதான். எதிர்ப்பையும் பண்டமாக்கிக் கொள்ளும் ஆற்றல் மூலதனத்துக்கு உண்டு என்பதற்கும் அதுவே சான்று.

மீட்பன் என்ற பட்டத்தை மறுத்தவர்

2022 மே மாதம் வெளிவந்த ‘மிஸ்டர் மொரால் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்’ பலருக்கு ஏமாற்றமளித்தது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்து நாடெங்கும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியிருந்தனர். மற்றொரு போராட்ட முழக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு, மனநலச் சிகிச்சை, தந்தையின் கடுமை, தனது பாலியல் நேர்மையின்மை, பால் மாறிய உறவினர்களைச் சிறுவயதில் கேலி செய்த குற்றம் ஆகியவற்றைப் பற்றிய பாடல்களே கிடைத்தன. நான் உங்கள் மீட்பன் அல்ல என்பதே தொகுப்பின் சாரம். இது பின்வாங்கல் என்று சிலர் கருதினர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. பாலியல் வன்முறை வழக்கில் சிக்கிய ஒரு பாடகருக்கு அதே தொகுப்பில் இடமளித்ததும் நியாயமாகவே கண்டிக்கப்பட்டது.

ஆயினும் அதன் உச்சமான ‘மதர் ஐ சோபர்’ பாடல் கவனத்துக்குரியது. தாய் அடைந்த பாலியல் துன்பம், தன் குழந்தைப் பருவத்து அச்சம், தன் துணைவிக்குத் தான் இழைத்த தவறு ஆகியவற்றை அடிமைமுறைக் காலத்து வன்கொடுமைகளோடு ஒரே சங்கிலியாக அது இணைக்கிறது. அடிமை முதலாளி இழைத்த கொடுமை, தலைமுறைகள் கடந்து, வீட்டின் படுக்கையறை வரை வந்து நிற்கிறது. 2015இல் ஊமையாக நின்ற பெண்ணின் இடத்தில், இப்போது தாயின் காயம் பாடலின் மையமாகியிருக்கிறது. ஒரு கலைஞனின் வளர்ச்சி என்பது இதுதான். மொழி லாவகமும் தாள வேகமும் இளமையிலேயே வாய்த்தவை. யாருடைய வலியைக் காண முடிகிறது என்பதில்தான் பத்தாண்டுகளில் அவர் தொலைவு கடந்திருக்கிறார்.

மீட்பனாக இருக்க மறுத்தது ஏன் என்பதை அவருடைய ஊரின் வரலாறு விளக்குகிறது. கருஞ்சிறுத்தைகள் காலை உணவு வழங்கிய தெருவில் அவர்கள் இல்லை. சங்கம் இருந்த ஆலை இல்லை. துயரத்தைக் கேட்டு, கணக்கெடுத்து, கோரிக்கையாக்கி, போராட்டமாக மாற்றும் கூட்டு உறுப்பு உடைக்கப்பட்டுவிட்டால், அந்தத் துயரம் எங்கே போகும்? திறமை வாய்ந்த ஒருவனின் நெஞ்சில் வந்து விழும். நூறு கிளைகள் சுமக்க வேண்டியதை ஒரு தொண்டை சுமக்க நேரிடும். விடுதி அறையில் அவர் உடைந்து கதறியது இந்தப் பாரத்தின் கீழ்தான்.

கலைஞனைத் தலைவனாக்கிவிட்டு, அவன் தலைவனாக நடந்துகொள்ளவில்லை என்று தூற்றுவது எல்லா நாடுகளிலும் நடக்கிறது. கலையை முழக்கமாகச் சுருக்கிப் பார்க்கும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வருகிறது. ‘ஆல்ரைட்’ வேண்டும், ‘யூ’ வேண்டாம் என்கிற மனநிலை அது. முதலாவதை உண்மையாக்கியதே இரண்டாவதுதான் என்பதைப் பண்பாட்டு அரங்கில் பணியாற்றும் ஒவ்வொரு தோழரும் உணர வேண்டும். உழைக்கும் மக்கள் கோபத்தை மட்டுமல்ல, அச்சத்தையும் குற்றவுணர்வையும் உறக்கமற்ற இரவுகளையும் சுமந்துகொண்டுதான் கூட்டத்துக்கு வருகிறார்கள். அவற்றுக்கு இடமில்லாத அமைப்பில் அவர்கள் நெடுநாள் தங்கமாட்டார்கள்.

‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ தொகுப்பின் கடைசிப் பாடல் முடிந்தபின் ஓர் உரையாடல் வருகிறது. 1994இல் பதிவான டூபாக் ஷகூரின் பேட்டியிலிருந்து அவருடைய குரலை எடுத்து, லாமர் அவரோடு நேரில் பேசுவதுபோல் அமைத்திருக்கிறார். பணம், புகழ், வறுமை, வரப்போகும் கிளர்ச்சி பற்றியெல்லாம் டூபாக் பதில் சொல்கிறார். இறுதியில் லாமர் கம்பளிப்புழுவும் பட்டாம்பூச்சியும் பற்றிய கருத்தைப் படித்துக் காட்டி, இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். பதில் இல்லை. பெயர் சொல்லி அழைக்கிறார். அமைதி. தொகுப்பு அத்துடன் முடிகிறது.

மாண்டுபோன நாயகனிடமிருந்து பதில் வராது. தனிப் பாடகனிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அந்தப் பதிலைக் கட்டியெழுப்ப வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் மக்கள். அதற்கான கருவி அமைப்பு. பாடகன் தன் கேள்வியை நேர்மையாகக் கேட்டுவிட்டான்.